சென்னை வானிலை ரேடார் படங்கள்: தளம் போடும் நாளில் எவ்வளவு நம்பலாம்?

கட்டட வேலையில் இருப்பவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களும் வயிற்றைக் கலக்கும் மாதங்கள். கம்பி கட்டி முடித்து, சென்ட்ரிங் பலகைகளைச் சரிபார்த்து, ரெடிமிக்ஸ் லாரிக்கும் சொல்லிவைத்த பிறகு வானம் கறுத்தால், தொடங்குவதா நிறுத்துவதா என்பதை அரை மணி நேரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். தளம் போடத் தொடங்கிவிட்டால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இடத்தில் பின்னால் நீர் கசியும். போட்டு முடித்த ஓரிரு மணி நேரத்துக்குள் கனமழை பிடித்துக்கொண்டால் மேற்பரப்பின் சிமெண்ட் பால் கழுவிக்கொண்டு போய்விடும். இந்த ஒரு முடிவுக்காகவே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் வெளியாகும் சென்னை ரேடார் படங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். காசு கேட்காத இந்தச் சேவை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை, அந்தப் படம் எப்படி உருவாகிறது என்ற விளக்கத்தோடு சேர்த்தே எழுத விரும்புகிறேன். ரேடார் படம் மழையின் புகைப்படம் அன்று. அது ஒரு கணக்கின் விடை. கணக்குத் தெரிந்தவருக்குத்தான் விடையை எங்கே நம்பலாம் என்பதும் தெரியும்.

சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட மாடியில் 2002ஆம் ஆண்டு நிறுவப்பட்டதுதான் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் டாப்ளர் வானிலை ரேடார், அதாவது மழை இருக்கும் இடத்தோடு அது நகரும் வேகத்தையும் அளக்கும் ரேடார். ஜெர்மனியின் ஜெமட்ரானிக் நிறுவனம் தயாரித்த மீட்டியார் 1500 எஸ் என்ற வகையைச் சேர்ந்த அது, சுமார் 10 செ.மீ. அலைநீளம் கொண்ட எஸ் அலைவரிசையில் இயங்குவது. கனமழை வழியாகச் சென்றாலும் இந்த அலை அதிகம் வலுவிழப்பதில்லை என்பதால், புயல் அடிக்கும் கடற்கரைக்கு இதுவே ஏற்றது. காரைக்காலிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் இதே அலைவரிசை ரேடார்கள் உள்ளன. பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் 2022இல் தொடங்கிவைக்கப்பட்ட ரேடார் மட்டும் சுமார் 3 செ.மீ. அலைநீளமுள்ள எக்ஸ் அலைவரிசையைச் சேர்ந்தது.

இணையப் பக்கத்தைத் திறந்தவுடன் பலரும் பார்ப்பது மேக்ஸ் இசட் எனப்படும் படத்தைத்தான். ஓர் இடத்துக்கு மேலே வெவ்வேறு உயரங்களில் பதிவான எதிரொளிப்புகளுள் (துளிகளில் பட்டுத் திரும்பி வரும் அலையின் வலிமை) எது மிக அதிகமோ, அதன் நிறத்தை மட்டும் அந்த இடத்தில் காட்டும் படம் அது. ஆகவே சிவப்பாகத் தெரியும் இடத்தில் தரையில் மழை பெய்துகொண்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆறு கிலோமீட்டர் உயரத்தில் தொங்கும் மேகத்தின் சிவப்பாகவும் அது இருக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அந்தப் படத்திலேயே வழி இருக்கிறது. வரைபடத்தின் மேல்புறத்திலும் வலப்புறத்திலும் இரண்டு பட்டைகள் இருக்கும். மேகக் கூட்டத்தைத் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பக்கவாட்டில் பார்த்தால் எவ்வளவு உயரம் தெரியுமோ அதை அவை காட்டும். நிறம் பட்டையின் அடிவரை இறங்கியிருந்தால் மழை தரைக்கு வருகிறது. அடியில் வெற்றிடமாகவும் மேலே மட்டும் நிறமாகவும் இருந்தால் அவசரப்பட்டுத் தார்ப்பாய் விரிக்க வேண்டியதில்லை. படத்தைப் பகிர்கிறவர்கள் இந்த இரண்டு பட்டைகளையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நேரம். படத்தில் அச்சாகியிருப்பது உலகப் பொது நேரமாக இருந்தால் அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 00:12 என்று இருந்தால் நமக்குக் காலை 5:42. எனக்குத் தெரிந்த இளம் பொறியாளர் ஒருவர் 01:32 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிந்தைய பழைய படம் என்று நினைத்து மூடிவிட்டார். அது காலை 7:02க்கு எடுத்த படம். கடலிலிருந்து வந்துகொண்டிருந்த மழை அதில் தெளிவாகத் தெரிந்தது.

இனி நிறங்களின் பக்கம் வருவோம். நிற அளவுகோலில் இருக்கும் டிபிஇசட் என்ற அலகு மழையின் அளவு அன்று. துளிகளிலிருந்து திரும்பி வரும் அலையின் வலிமையை மடக்கை முறையில் சொல்வது. ஒரு துளியின் எதிரொளிப்பு அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொளிப்பு 64 மடங்காகும். அதாவது ஒரு பெரிய துளி, பாதி விட்டமுள்ள 64 துளிகளுக்குச் சமமாக ரேடார் கண்ணில் படும். ஆனால் அதில் உள்ள நீரோ எட்டுத் துளிகளின் நீர்தான். எதிரொளிப்பை மழையளவாக மாற்ற 1948இல் மார்ஷலும் பால்மரும் தந்த சூத்திரம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதன்படி 40 டிபிஇசட் என்பது மணிக்குச் சுமார் 11.5 மி.மீ. மழை. வெப்ப மண்டலத்துக் கடல்மழையில் சிறு துளிகள் ஏராளம் என்பதைக் கருதி அமெரிக்காவில் பயன்படுத்தும் வேறொரு சூத்திரத்தில் அதே 40 டிபிஇசட்டைப் போட்டால் மணிக்கு 21 மி.மீ.க்கு மேல் வரும். 50 டிபிஇசட்டில் இடைவெளி இன்னும் விரிகிறது: முதல் சூத்திரம் சுமார் 49 மி.மீ. என்கிறது, இரண்டாவது சுமார் 147 மி.மீ. என்கிறது. ஒரே நிறத்துக்கு மூன்று மடங்கு வேறுபட்ட இரண்டு விடைகள்! எனவே மழைத் தீவிரப் படத்தில் உள்ள எண்களைக் கணக்குப் பார்க்க நான் எடுத்துக்கொள்வதில்லை. எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, வலுக்கிறதா தளர்கிறதா என்ற மூன்றுக்கு மட்டும் அந்தப் படத்தை நம்புகிறேன். வடகிழக்குப் பருவமழையின் மஞ்சள் நிறம், மே மாத இடிமழையின் மஞ்சளைவிட அதிக நீரைக் கொட்டும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்தப் படங்களின் தரம் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் உலகெங்கும் உயர்ந்ததற்கு ஆண்டெனாவைவிட அதன் பின்னால் இருக்கும் கணினியே பெரிய காரணம். ரேடார் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுத் திரும்பி வரும் மெல்லிய எதிரொலிக்குக் காத்திருக்கிறது. ஒரு துடிப்பின் எதிரொலியை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, ஏனெனில் துளிகள் ஒன்றையொன்று விட்டு விலகி நகரும்போது எதிரொலியின் வலிமை கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். ஒவ்வொரு திசைக்கும் பல பத்துத் துடிப்புகளின் எதிரொலிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்த பின்னரே ஒரு புள்ளிக்கு நிறம் கிடைக்கிறது.

அந்த எதிரொலியில் மழை மட்டும் வருவதில்லை. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள், வடமேற்கே நாகலாபுரம் மலைகள் என எல்லாமே அலையைத் திருப்பி அனுப்புகின்றன. இவை நகராதவை, ஆகவே வேகம் சுழியமாக வரும் எதிரொலிகளை அப்படியே வெட்டி எறிவதுதான் பழைய வடிப்பான்களின் வேலையாக இருந்தது. ஆனால் ரேடாரை நோக்கியும் வராமல், ரேடாரிலிருந்து விலகியும் போகாமல் குறுக்கே கடந்து செல்லும் மழைக்கும் ரேடாரின் கணக்கில் வேகம் சுழியம்தான். கட்டடத்தோடு சேர்ந்து அந்த மழையும் வெட்டுப்பட்டு, நல்ல மழைப் பரப்பின் நடுவே காரணமில்லாமல் ஒரு வெளிறிய கோடு தெரியும். 2004இல் சிக்யாவும் பாசரெல்லியும் முன்வைத்த முறை இதற்குத் தீர்வு தந்தது. எதிரொலியை வேகவாரியாகப் பிரித்தால் கட்டடத்தின் எதிரொலி சுழியத்தில் ஊசிபோல மெல்லியதாகவும், மழையின் எதிரொலி மணி வடிவில் அகன்றும் நிற்கும். ஊசியை மட்டும் பிடுங்கிவிட்டு, அது நின்ற இடத்தில் மழையின் மணி வடிவம் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து நிரப்புவதே அந்த முறை. பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வேலை இதுதான்.

காற்றின் வேகத்தைக் காட்டும் பிபிஐ வி என்ற படத்தைப் பெரும்பாலோர் திறப்பதே இல்லை. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் மழைத்துளி, நொடிக்குச் சுமார் 280 கோடி முறை அதிரும் அலையில் 200 அதிர்வுகள் அளவுக்கே மாற்றத்தை உண்டாக்குகிறது. அதை நேரடியாக அளக்காமல், அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையே அலையின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்கச் சுழற்சியில் அது இருக்கும் நிலை) எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். இங்கே இயற்கையின் கறாரான ஒரு நிபந்தனை குறுக்கிடுகிறது. தொலைவு அதிகம் வேண்டுமென்றால் துடிப்புகளை இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும். வேகம் சரியாக வேண்டுமென்றால் நெருக்கி அனுப்ப வேண்டும். எஸ் அலைவரிசையில் 250 கி.மீ. வரை குழப்பமில்லாமல் பார்க்கும்படி நொடிக்கு 600 துடிப்புகள் அனுப்பினால், நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வரையிலான வேகத்தைத்தான் சரியாகச் சொல்ல முடியும். அதற்கு மேல் போனால் வேகம் மடங்கி, ரேடாரை நோக்கி வரும் காற்று விலகிப் போவதுபோல நிறம் மாறிக் காட்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வீசிய காற்றுக்கு இந்த வரம்பு எம்மாத்திரம்? நொடிக்கு 600, 450 என்று இரண்டு வகை இடைவெளிகளை மாற்றி மாற்றி அனுப்பி இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால் வரம்பு நொடிக்கு 45 மீட்டராக, மணிக்கு 162 கி.மீ. ஆக உயர்கிறது. கருவி அதேதான், துடிப்புகளின் இடைவெளியையும் கணக்கையும் மாற்றியதற்கே இந்தப் பலன்.

இரட்டை முனைவாக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிய ரேடார் விளம்பரம் எதிலும் இந்தச் சொல் இல்லாமல் இருப்பதில்லை. சிறிய மழைத்துளி உருண்டையாக இருக்கும். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிய துளி விழும்போது காற்றின் எதிர்ப்பால் அடிப்புறம் தட்டையாகி, மேல்புறம் உப்பி, ஏறக்குறைய இட்லியின் உருவத்தைப் பெறும். கிடைமட்டமாக அதிரும் அலையையும் செங்குத்தாக அதிரும் அலையையும் சேர்த்து அனுப்பினால், இட்லி வடிவத் துளிகள் கிடைமட்ட அலையை வலுவாகத் திருப்பி அனுப்பும். அந்த வேறுபாட்டைக் கொண்டு துளிகளின் அளவை அறியலாம் என்று 1976இல் செலிகாவும் பிரிங்கியும் எடுத்துக்காட்டினார்கள். மேலே நான் சொன்ன, ஒரே நிறத்துக்கு இரண்டு விடை என்ற சிக்கலின் வேரையே இது தொடுகிறது. இன்னொரு பயனும் உண்டு: இரண்டு அலைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தால், மழையில் அந்த ஒற்றுமை ஏறக்குறைய முழுமையாக இருக்கும்; பறவைக் கூட்டத்திலும் கடல் அலையிலும் அது குலைந்துவிடும். விடியற்காலையில் கூடு விட்டுக் கிளம்பும் பறவைகள் ரேடாரில் வளையம்போல் விரிவதை மழை என்று நினைத்து ஏமாறாமல் இருக்க இது கைகொடுக்கும். அமெரிக்கா நெக்ஸ்ராட் என்ற தன் வானிலை ரேடார் வலையமைப்பு முழுவதையும் 2011 முதல் 2013 வரை இப்படி மாற்றியது.

பள்ளிக்கரணை ரேடாரின் எக்ஸ் அலைவரிசையைப் பற்றிப் பயனாளராக ஓர் எச்சரிக்கை. சிறிய ஆண்டெனாவைக் கொண்டே நுட்பமான படத்தைத் தரக்கூடியது இந்த அலைவரிசை. தென்சென்னைத் தெரு அளவுக்கு மழையைப் பிரித்துப் பார்க்க ஏற்றது. ஆனால் 3 செ.மீ. அலையைக் கனமழை உறிஞ்சிவிடும். முன்னால் ஒரு வலுவான மழைத்திரை நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் மழை படத்தில் மங்கும் அல்லது அடியோடு மறையும். ரேடாரின் தலைக்கு மேலேயே மழை கொட்டும்போது அதன் கோளக் கூரை நனைந்து எல்லாத் திசையிலும் மழை குறைந்ததுபோலத் தோன்றும். இரட்டை முனைவாக்கத்தில் கிடைக்கும் கட்ட வேறுபாடு இந்த இழப்பால் பாதிக்கப்படுவதில்லை என்பதால் அதை வைத்துத் திருத்தம் செய்ய முடியும். ஆனால் சமிக்ஞை முழுக்க அழிந்த இடத்தில் திருத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. மேடவாக்கத்திலோ பெருங்குடியிலோ தளம் போடும் நாளில் பள்ளிக்கரணைப் படத்தைப் பார்த்துவிட்டு உடனே துறைமுக ரேடார் படத்தையும் பார்க்கிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் மாதம், மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக்கு முதல் தளம். விடியற்காலை ஐந்தே முக்கால் மணி. கிழக்கே கறுத்திருந்தது, ஆனால் தூறல்கூட இல்லை. "இந்த மூட்டம் ஏமாத்துற மூட்டம் சார், லாரிய வரச் சொல்லுங்க" என்றார் மேஸ்திரி. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர் சொல் பெரும்பாலும் தப்பாது. படத்தில் கடலின் மேல், எங்கள் இடத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், வடக்குத் தெற்காக ஒரு மழைப் பட்டை நின்றது. இருபது நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டபோது அது 10 கி.மீ. மேற்கே நகர்ந்திருந்தது. மணிக்கு 30 கி.மீ. என்றால் எண்பது நிமிடங்களில், ஏழு மணியை ஒட்டி, அது எங்கள் மேல் இருக்கும். பட்டைக்குப் பின்னால் கடல் வெறுமையாக இருந்தது. லாரியை ஒன்பது மணிக்கு மாற்றிச் சொன்னேன். ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குக் கொட்டத் தொடங்கிய மழை எட்டேகாலுக்கு நின்றது. சென்ட்ரிங் பலகையில் தேங்கிய நீரை வடித்துவிட்டு ஒன்பதேகாலுக்குத் தளத்தைத் தொடங்கினோம்.

இதற்கு நேர்மாறான அனுபவத்தைத் தந்தது ஒரு கைபேசிச் செயலி. பெயர் வேண்டாம். ரேடார் படம்போலவே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்களை வழவழப்பாக நகர்த்திக் காட்டும் அந்தச் செயலியில் எங்கள் பகுதி வெறுமையாக இருந்த நேரத்தில் தலைக்கு மேல் மழை கொட்டியது. நானூறு சதுர அடிப் பரப்பை மறுபடி பூச வேண்டியதாயிற்று. பிறகுதான் அந்த நிறங்கள் கணினி மாதிரியின் முன்கணிப்பு என்பதும், ரேடார் தரவு அதில் கலந்திருக்கவே இல்லை என்பதும் தெரிந்தது. மழையின் ஓரம் சொரசொரப்பாகவும், சூரியன் மறையும் வேளையில் மேற்கு நோக்கி ஒரு மெல்லிய கோடு தெரிவதாகவும் இருந்தால் அது உண்மையான ரேடார் படம். சூரியனே வானொலி அலைகளை வெளியிடுவதால் ஆண்டெனா அதை நோக்கும்போது அந்தக் கோடு விழுகிறது. ஆண்டெனா சரியான திசையில் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் பொறியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். வழவழப்பாக்கிய படத்தில் இப்படி எந்தத் தடயமும் இருக்காது.

தொலைவைப் பொறுத்து இந்தச் சேவையின் மதிப்பு வேகமாகக் குறைகிறது. ரேடார் கற்றை நேராகச் செல்லும். பூமியோ வளைந்து கீழே போகும். அரை பாகை ஏற்றத்தில் அனுப்பிய கற்றை 100 கி.மீ. தொலைவில் சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்திலும், வேலூர் தொலைவில் இரண்டு கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ.யில் நான்கு கி.மீ.க்கு மேலும் இருக்கும். ஒரு பாகை அகலமுள்ள கற்றை அந்தத் தொலைவில் மூன்றரை கி.மீ. அகலமாக விரிந்தும் விடும். அதன் கீழே பெய்யும் மழையைப் பற்றி ரேடாருக்கு எதுவும் தெரியாது. சென்னையிலிருந்து 280 கி.மீ. தொலைவில் உள்ள சேலத்தில் வேலை செய்யும் நண்பர் இந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கோயம்புத்தூருக்குக் கொச்சி ரேடார் கிட்டத்தில் இருந்தாலும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ரேடார் அமைக்கத் தமிழ்நாடு அரசு அறிவித்ததை நான் பெரிதும் வரவேற்றதற்கு இதுவே காரணம்.

காலத்திலும் வரம்பு உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையின் சில இடங்களில் 20 செ.மீ.யைத் தாண்டிக் கொட்டிய மழைக்கு முந்தைய நாள் முன்னறிவிப்பில் எச்சரிக்கை இல்லை. அத்தகைய நாட்களில் கையில் மிஞ்சுவது ரேடார்தான், ஆனால் அது தரும் அவகாசம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம். இடிமேகம் இருக்கும் இடத்திலேயே முளைத்து அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடக்கூடிய கோடை மாலைகளில் அந்த அவகாசமும் கிடையாது. மேகம் முளைக்கும் வேகத்தை எட்டிப் பிடிக்கவே, வானம் முழுவதையும் 10 முதல் 30 நொடிகளில் துழாவும் கட்ட வரிசை ரேடாரை ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக வளாகத்தில் 2012இல் நிறுவினார்கள். நம் படங்களுக்கு இடையே பல நிமிடங்கள் கழிகின்றன.

சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் வேலை செய்கிறவர்கள் அடுத்த ஒரு மணி நேரத்துக்கான முடிவை இந்தப் படங்களைப் பார்த்தே எடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. சேவையை நடத்துபவர்களிடம் இரண்டு கோரிக்கைகள் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அது எந்த உயரத்தைக் காட்டுகிறது, நேரம் எந்த நேரம், நிறத்துக்கு என்ன பொருள் என்பதைத் தமிழில் நான்கு வரிகளில் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, படத்தோடு நிறுத்தாமல் எண் தரவையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். அமெரிக்கா நெக்ஸ்ராட் தரவை 2015 முதல் இணைய மேகச் சேவையில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. வானிலைக் கணிப்பை மேம்படுத்துவதற்கான மிஷன் மௌசம் திட்டத்துக்கு 2024இல் ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கிய 2,000 கோடி ரூபாயில் புதிய ரேடார்களோடு இதற்கும் ஒரு பங்கு போனால், கட்டட வேலைக்கும் உப்பளத்துக்கும் நெல் உலர்த்தும் களத்துக்கும் தனித்தனியாகப் பொருந்தும் எச்சரிக்கைகளை எழுதித் தரத் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் இருக்கிறார்கள்.